பழைய தஞ்சை ஜில்லா



மூன்றாம் வகுப்பில் பயிலும் பிள்ளைக்கு முதன்முதலாகக் கற்பிக்கப்படும் பூகோளம், அவன் பிறந்த மாவட்டத்தின் பூகோளமே. உலகப் படத்தையும் இந்தியப் படத்தையும் அவன் பின்னர்க் காண்பான். முதலில் தன் ஊர் எங்கே இருக்கிறது, தன் ஆறு எங்கிருந்து வருகிறது, தன் ஊரார் எந்த ஊருக்கு மனு எழுதுகிறார்கள் என்பவற்றை அவன் அறிந்தாக வேண்டும். ஆசிரியப் பயிற்சி முடித்துத் திருத்துறைப்பூண்டி வட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நான் பணி ஏற்ற நாளில், தஞ்சாவூர் மாவட்டத்தின் படத்தைப் புத்தகம் பாராமல் கரும்பலகையில் வரைவதில் எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது. வடக்கே கொள்ளிடம், கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக்கு நீரிணை, தென்கிழக்கு மூலையில் மூக்குப்போல் நீண்டு நிற்கும் கோடியக்கரை. எல்லைக் கோட்டை முடித்தபின், மேற்கே கல்லணையில் சுண்ணக்கட்டியை ஊன்றி, அங்கிருந்து விசிறி மடலைப்போல் ஆறுகளை விரித்துக் கொண்டே போவேன். பிள்ளைகள் ஆற்றின் பெயர்களைக் கூட்டமாகச் சொல்வார்கள்.

1991ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் அந்தப் படம் பழைய படமாகிவிட்டது. மாவட்டம் இரண்டாயிற்று. அடுத்த சில நாட்களில் கரும்பலகைப் படத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்து, "இனி இந்தப் பக்கம் தஞ்சாவூர், இந்தப் பக்கம் நாகப்பட்டினம், நாம் நாகப்பட்டினம்" என்றேன். முன் வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, "ஆத்தையும் வெட்டிட்டாங்களா, சார்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, "ஆற்றை யார் வெட்ட முடியும்? உட்கார்" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அது விடை அன்று. விடை சொல்லாமல் தப்பிக்கும் வழி. ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கும் இந்நாளில்தான் அப்பையனின் கேள்வி எவ்வளவு ஆழமானது என்று எனக்கு விளங்குகிறது. அதற்குரிய விடையை இன்று உங்கள்முன் கூற முயல்கிறேன்.

மாவட்டம் என்பது யாரோ ஒருவர் மேசைமேல் வரைந்த கோடு என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலான மாவட்டங்களைப் பற்றி அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பழைய தஞ்சை ஜில்லாவை முதலில் வரைந்தது காவிரிதான். கல்லணைக்குக் கிழக்கே மேடு என்று சொல்லத்தக்க நிலம் சிறிதே. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலே நாடாக விரிந்தது. முதலாம் இராசராசன், சுமார் 1001ஆம் ஆண்டில் நிலத்தை அளப்பித்துச் சோழ மண்டலத்தை வளநாடுகளாக வகுத்தபோது, ஆறுகளையே பெரிதும் எல்லைகளாகக் கொண்டான். காவிரிக்கும் அரிசிலாற்றுக்கும் இடைப்பட்ட நிலம் உய்யக்கொண்டார் வளநாடு. தஞ்சாவூர் இருந்தது பாண்டிய குலாசனி வளநாட்டில். திருவாரூர் இருந்தது க்ஷத்திரிய சிகாமணி வளநாட்டில். பெயர்கள் அரசனுடைய விருதுகள், எல்லைகளோ ஆற்றினுடையவை. வளநாட்டின் உள்ளே நாடும் கூற்றமும், அவற்றின் உள்ளே ஊர்களும் அடங்கின. ஊருக்கு ஊர் சபையோ ஊராரோ கூடி ஏரி, வாய்க்கால், வரி, அறம் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டனர். இன்று நாம் மாவட்டம், வட்டம், பிர்க்கா, கிராமம் என்று அடுக்குகிறோமே, அவ்வடுக்கு இந்த மண்ணுக்குப் புதிதன்று.

பதினாறாம் நூற்றாண்டில் நாயக்கரும், 1676 முதல் மராத்தியரும் இந்நாட்டை ஆண்டனர். மராத்தியர் காலத்தில் பட்டுக்கோட்டை, மன்னார்குடி, கும்பகோணம், மாயவரம், திருவையாறு என்று ஐந்து சுபாக்கள் இருந்தன. 1799ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் இரண்டாம் சரபோசி மன்னருக்கும் ஆங்கிலக் கம்பெனிக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. கோட்டையும் அதைச் சூழ்ந்த சிறு பகுதியும் மன்னருக்கு. நாடு முழுதும் கம்பெனிக்கு. அன்றுதான் நாம் பேசும் 'ஜில்லா' பிறந்தது. 1855இல் இறுதி மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறையவே, கோட்டையும் அதனோடு சேர்ந்தது.

புதிய ஜில்லாவின் தலைநகரம் முதலில் தஞ்சாவூர் அன்று என்பது இளைஞர் பலருக்கு வியப்பாக இருக்கும். 1799 முதல் 1845 வரை நாகப்பட்டினம் தலைநகராக இருந்தது. 1845இல் டேனிஷ்காரர்கள், இரகுநாத நாயக்கரிடமிருந்து 1620இல் உரிமை பெற்றுத் தாங்கள் ஆண்டுவந்த தரங்கம்பாடியையும், வங்காளத்தில் தங்களுக்கிருந்த சீராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றனர். அதன்பின் 1860 வரை தரங்கம்பாடி தலைநகராயிற்று. பிறகே தஞ்சாவூர் தலைநகர் என்னும் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. கடல் வழியாக வந்தவர்கள் கடற்கரையிலிருந்து ஆண்டார்கள். நாடு முழுதும் கைக்குள் வந்தபின் உள்நாட்டுக்கு நகர்ந்தார்கள். தலைநகர் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்தாலே, ஆளுவோர் யாரை நோக்கி இருக்கிறார்கள் என்பது தெரியும்.

அந்த ஜில்லாவின் பரப்பையும் சிறிது நினைவுகூர்வோம். 1901ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது அதன் பரப்பு 3,710 சதுர மைல். மக்கள் 22,45,029 பேர். தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், சீர்காழி, நாகப்பட்டினம், நன்னிலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை என ஒன்பது தாலுக்காக்கள். சென்னை மாகாணத்திலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த மாவட்டங்களில் ஒன்று அது. 1883இல் வெங்கசாமி ராவும் 1906இல் ஹெமிங்வேயும் இதற்கென்றே தனித்தனி நூல் எழுதினர். இத்தனை பேரையும் ஆண்ட அதிகாரிக்கு 'கலெக்டர்' என்று பெயர். தண்டல் நாயகர் என்று தமிழில் சொல்வோம். தண்டுதல் என்றால் வரியைத் திரட்டுதல். பெயரிலேயே அவருடைய முதற் கடமை இருக்கிறது.

தண்டல் எவ்வாறு நடந்தது? ஊரில் கர்ணம் கணக்கு எழுதினார். மணியக்காரர் வரி வாங்கினார். தலையாரி காவல் செய்தார். ஊர்க் கணக்கை வருவாய் ஆய்வாளர் பார்த்தார். அவருக்கு மேல் தாசில்தார். அவருக்கு மேல் கோட்ட அதிகாரி. எல்லாருக்கும் மேல் கலெக்டர். ஆண்டுக்கு ஒருமுறை ஜமாபந்தி கூடும். அடங்கலும் சிட்டாவும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பசலி என்னும் வருவாய் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்குகிறது. அதன் எண்ணோடு 590ஐக் கூட்டினால், அது தொடங்கிய ஆங்கில ஆண்டு கிடைக்கும். என் பாட்டனார் கையெழுத்திட்ட வரி ரசீது ஒன்றில் பசலி மட்டுமே இருந்தது. அதைக் கூட்டிப் பார்த்துத்தான் அது எந்த ஆண்டு என்று நான் சிறுவனாக இருந்தபோது கண்டுபிடித்தேன். வரலாற்றில் எனக்குப் பிறந்த ஆசை அந்தக் கூட்டல் கணக்கில் தொடங்கியது எனலாம். கர்ணம், மணியம் ஆகிய பரம்பரைப் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிந்தன. கிராம நிர்வாக அதிகாரி வந்தார். பசலி மட்டும் போகவில்லை.

வரியை மட்டும் தண்டினால் போதாது, தண்ணீரும் வரவேண்டும் என்பதை இந்த ஜில்லா ஆட்சியாளர்களுக்கு விரைவிலேயே கற்பித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் படுகை மணலேறி மேடாயிற்று. தாழ்வான கொள்ளிடம் நீரை இழுத்துக்கொண்டது. 1836இல் தொடங்கி ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையையும், கொள்ளிடத்தில் கீழணையையும் கட்டுவித்த பின்னரே காவிரிக்கு உரிய பங்கு காவிரியில் நிலைத்தது. அணை கட்டினால் மட்டும் நீர் வயலுக்கு வந்துவிடுமா? வாய்க்காலை வாரவேண்டும், கரையைக் காக்கவேண்டும். அது ஊராரின் குடிமராமத்து. பழைய ஊர்க் கட்டுப்பாடு தளர்ந்ததைக் கண்ட அரசு, அதை வற்புறுத்தவே 1858இல் தனிச் சட்டம் ஒன்று செய்தது. ஊர்க் கூட்டம் செய்த வேலையைச் சட்டப் புத்தகத்தால் செய்விக்க முயன்றது அன்றுமுதல்தான். அதில் அது முழு வெற்றி பெற்றதாகச் சொல்வதற்கில்லை.

நிற்க. இந்த ஜில்லாவின் நிர்வாகத்தில் நான் மிகவும் பெருமை கொள்ளும் ஒரு பகுதியைச் சொல்ல வேண்டும். அது ஜில்லா போர்டு. 1884ஆம் ஆண்டு ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தின்கீழ் அமைந்த தஞ்சை ஜில்லா போர்டு, சாலை போட்டது, பள்ளி வைத்தது, மருத்துவமனை நடத்தியது; இவை எல்லாப் போர்டுகளும் செய்தவை. தஞ்சைப் போர்டோ ஒரு ரயில் பாதைக்கே சொந்தக்காரராக இருந்தது! நிலவரியோடு ஒரு சிறு மேல்வரியை மக்களிடம் பெற்று, அப்பணத்தைக் கொண்டு மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை சுமார் 54 மைல் நீளத்துக்குப் பாதை அமைத்தது. 1894இல் வண்டி ஓடிற்று. பின்னர் அப்பாதை அறந்தாங்கி வரை நீண்டது. வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. பாதையின் உடைமை போர்டினுடையது. நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே 1861இலேயே இருப்புப் பாதை போட்டது இலண்டன் கம்பெனி. கடைமடைக்குப் பாதை போட்டதோ கடைமடைக்காரன் கொடுத்த வரி. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதை 'நம்ம போர்டு வண்டி' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்று அது அகலப் பாதையாகி, நாட்டின் இரயில்வேயோடு கலந்துவிட்டது. 'நம்ம' என்ற சொல் மட்டும் எங்கோ இறங்கிப் போய்விட்டது.

மராத்திய அரசர்கள் வழிப்போக்கருக்காகவும் கல்விக்காகவும் நிறுவிய சத்திரங்களின் பொறுப்பும் போர்டிடம் வந்தது. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ் வாய்ந்தது. சர் ஏ. டி. பன்னீர்செல்வம் போர்டின் தலைவராக இருந்த காலத்தில், சத்திர வருமானத்தால் நடந்த திருவையாற்றுக் கல்லூரியில், வடமொழியோடு தமிழும் கற்பிக்க வழி பிறந்தது. தமிழ் வித்துவான்கள் பலர் அங்கிருந்து புறப்பட்டுத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பரவினர். எனக்குத் தமிழ் கற்பித்தவரும் அங்கே பயின்றவரே. 1958ஆம் ஆண்டின் சட்டங்களால் ஜில்லா போர்டுகள் மறைந்து ஊராட்சி ஒன்றியங்கள் பிறந்தன. ஆட்சி சிற்றூருக்கு இன்னும் நெருங்கியது உண்மை. ஆனால் ஒரு ரயில் பாதையை நினைக்கத்தக்க அளவுக்குப் பெரிய மனமும் பெரிய பணப்பெட்டியும் கொண்ட உள்ளூர்ச் சபை அதன்பின் நமக்கு வாய்க்கவில்லை.

இனி இந்த ஜில்லாவின் நிழலையும் சொல்லியாக வேண்டும். வரலாற்றைக் கற்பிப்பவன் வெயிலை மட்டும் காட்டினால் அவன் ஆசிரியன் ஆகான். 1930 ஏப்ரலில் இராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் நடந்தனர். அவர்கள் கடந்த வழியெல்லாம் தஞ்சை ஜில்லா. கலெக்டராக இருந்த ஜே. ஏ. தார்ன், அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்போர் தண்டனைக்கு ஆளாவர் என்று அறிவித்தார். ஊருக்குள் வரவேற்க அஞ்சியவர்கள், வழியோர மரங்களில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டனர் என்பது எங்கள் பகுதியில் பாட்டிமார் சொல்லும் கதை. விருந்தோம்பலுக்குப் பெயர் பெற்ற நாட்டில் சோறிடுவதைக் குற்றமாக்கப் பார்த்தார். நாடு அவருக்குக் கீழ்ப்படியவில்லை.

இந்த நிழல் அந்நியன் போனதும் மறையவில்லை. நெல் மிகுந்த நாட்டில் நெல்லை விளைவித்தவன் பசித்திருந்தான். பண்ணையாள் என்று ஒரு சாதாரணச் சொல் உண்டு. அதற்குள் ஒரு மனிதனின் வாழ்நாள் முழுதும் அடைபட்டிருந்தது. 1952இல் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது: தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். ஒரே ஒரு ஜில்லாவின் பெயரைத் தாங்கி, அந்த ஜில்லாவுக்காகவே செய்யப்பட்ட சட்டம் அது. ஒரு வேலி நிலத்துக்கு மேல், அதாவது 6⅔ ஏக்கருக்கு மேல், ஓர் ஊரில் உடையவர்களை அது கட்டுப்படுத்தியது. குத்தகைதாரனுக்கு விளைவில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாமல் கிடைக்கவேண்டும் என்றது. பெருமைக்குரிய பெயரா இது என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. ஒரு மாவட்டத்தின் பெயர் சட்டத்தின் தலைப்பில் ஏறுகிறது என்றால், அங்கே நோய் முற்றியிருக்கிறது என்பது பொருள். 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அவர்கள் நிலமற்ற தாழ்த்தப்பட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர். கூலி கேட்ட ஊர் அது. அதன்பின் 1969இல் கீழத்தஞ்சைக்கென நியாயக் கூலிச் சட்டம் வந்தது. சாம்பலின்மேல் நின்று எழுதப்பட்ட சட்டம் அது. 'பழைய ஜில்லா பொன்னான ஜில்லா' என்று யாரேனும் பெருமூச்சு விடும்போது, எந்த ஊரில் நின்றுகொண்டு பெருமூச்சு விடுகிறார் என்று நான் கேட்க விரும்புகிறேன்.

தூரமும் ஒரு கொடுமையே. என் தந்தையார் ஒரு சிறு குடியானவர். எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது, பட்டா தொடர்பான ஒரு மேல்முறையீட்டுக்காக அவர் தலைநகர் செல்ல வேண்டியிருந்தது. எழுபது கிலோமீட்டருக்கு மேல் பயணம். என்னையும் அழைத்துக்கொண்டார், எழுத்துத் தெரிந்த துணை வேண்டும் என்பது காரணம். விடியுமுன் நடந்து, பேருந்து ஏறி, மன்னார்குடியில் மாறி, அலுவலகம் சேர்ந்தபோது நண்பகல் ஆகிவிட்டது. அதிகாரி சுற்றுப்பயணம் சென்றிருக்கிறார் என்றனர். எங்கே என்று கேட்டோம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் என்றனர்! அவரைத் தேடி நாங்கள் மேற்கே வர, எங்கள் ஊர்ப் பக்கம் பார்க்க அவர் கிழக்கே போயிருந்தார். யார்மீதும் குற்றமில்லை. திரும்பும்போது தந்தையார் பேருந்தில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது, "ரெண்டு நாள் நடவு போச்சு" என்று மட்டும் சொன்னார். மாவட்டம் பெரிது என்பதன் பொருளை நான் பூகோளப் புத்தகத்தில் கற்கவில்லை; அன்றுதான் கற்றேன்.

ஆகவே பிரிவினை வந்தபோது நான் வருந்தவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். 1974இல் புதுக்கோட்டை மாவட்டம் தோன்றியபோதே அறந்தாங்கிப் பகுதி நம்மைவிட்டுப் பிரிந்தது. 1991இல் நாகப்பட்டினம், காயிதே மில்லத் பெயரோடு தனி மாவட்டமாயிற்று. 1997 ஜனவரி முதல் நாள் அதிலிருந்து திருவாரூர் பிரிந்தது. தஞ்சாவூரிலிருந்து வலங்கைமானும் அதனோடு சேர்ந்தது. எங்கள் பள்ளியின் பெயர்ப்பலகை ஐந்தரை ஆண்டுக்குள் இருமுறை புதிதாக எழுதப்பட்டது. கட்டடம் ஓர் அங்குலமும் நகரவில்லை. மூன்று மாவட்டங்களில் இருந்துவிட்டது.

1997இல் ஒரு விந்தையும் நேர்ந்தது. நாகப்பட்டினம் மாவட்டம் நடுவில் காரைக்கால் இருக்க, வடக்கும் தெற்குமாக இரு துண்டுகளாயிற்று. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன காரைக்கால் இப்போது புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. ஆகவே கடற்கரைச் சாலை வழியே சீர்காழிக்காரர் தம் மாவட்டத் தலைநகருக்குப் போக, இன்னொரு ஆட்சிப் பகுதியைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது. 2020 டிசம்பர் 28ஆம் நாள் மயிலாடுதுறை 38ஆவது மாவட்டமாகத் தொடங்கப்பட்டபோது அந்த விந்தை தீர்ந்தது. ஒரு ஜில்லா இருந்த இடத்தில், இன்று தஞ்சாவூர், நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை என நான்கு மாவட்டங்கள்.

நெருங்கி வந்த அலுவலகம் உயிர் காக்கும் என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்நாட்டில் வேறெந்த மாவட்டமும் அத்துணை இழக்கவில்லை. அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அதே நகரத்தில் இருந்தது. எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் தஞ்சாவூரில் இருந்து செய்தி கேட்டு வண்டி புறப்படும் நிலை இல்லை. இழந்த உயிர்களுக்கு அது ஆறுதல் ஆகாது. எஞ்சியவர்களுக்கு அது பெரிதும் உதவியது.

இத்தகைய பிரிவும் சேர்க்கையும் நம் நாட்டில் மட்டும் நடப்பவை அல்ல. பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸ் நாட்டில் கார்டிகன், கார்மார்தன், பெம்புரோக் என்னும் மூன்று பழைய மாவட்டங்கள் இருந்தன. 1974இல் அவற்றை ஒன்றாக்கி, அப்பகுதியில் முற்காலத்தில் இருந்த ஓர் அரசின் பெயரான 'டவெட்' என்னும் பெயரைச் சூட்டினர். இருபத்திரண்டு ஆண்டுகளே அது நிர்வாகப் பிரிவாக வாழ்ந்தது. 1996இல் மீண்டும் மூன்றாகப் பிரித்துவிட்டனர். ஆயினும் அவ்வட்டாரக் காவல்துறையின் பெயரில் மட்டும் 'டவெட்' இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் கதையும் ஓரளவு அதுவே. தஞ்சாவூர்க் காவல் சரகம் என்ற பெயரின்கீழ் நான்கு மாவட்டங்களும் இன்றும் அடங்கும். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அவர்களுக்கு எஞ்சியது ஒரு பெயர். நமக்கு எஞ்சியிருப்பது ஆறு.

இப்போது என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன். ஆற்றையும் வெட்டினார்களா? இல்லை. நீர்ப்பாசனத் துறை மாவட்டக் கோட்டைப் பின்பற்றி அமைந்ததன்று. காவிரி வடிநிலக் கோட்டம், வெண்ணாறு வடிநிலக் கோட்டம், கல்லணைக் கால்வாய்க் கோட்டம் என்று அது ஆற்றின் வழியே பகுக்கப்பட்டிருக்கிறது. இராசராசன் வகுத்த முறையை ஒருவகையில் இதுவும் தொடர்கிறது எனலாம். 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கச் சட்டம் செய்தபோதும், ஒரு மாவட்டத்தோடு நிறுத்த முடியவில்லை. மாவட்டங்களைச் சேர்த்தே எழுத வேண்டியிருந்தது. ஆறு கோட்டுக்குக் கட்டுப்படவில்லை. கோடுதான் ஆற்றுக்கு வழிவிட்டது.

ஆனால் வேறொன்று வெட்டுண்டது. அது தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசும் வழக்கம். வெண்ணாறு நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டைக் கழிமுகம் நோக்கிப் போகின்றன. தலைப்பில் மதகு ஒரு சாண் ஏறினால் கடைசியில் ஒரு நடவு பிழைக்கும். ஒரு சாண் இறங்கினால் ஒரு நாற்றங்கால் கருகும். பழைய ஜில்லாவில் ஒரே கலெக்டர். தலைமடைக்காரன் மனுவும் கடைமடைக்காரன் மனுவும் ஒரே மேசைக்கு வரும். அவர் இருவர் முகத்தையும் பார்த்தாக வேண்டும். இன்று விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் மாவட்டத்துக்கு மாவட்டம் தனித்தனியே நடக்கிறது. தஞ்சாவூரில் ஒரு மண்டபத்தில், தண்ணீர் மிகுதியால் வயல் மூழ்கிய கதை. அதே வாரம் நாகப்பட்டினத்தில் ஒரு மண்டபத்தில், தண்ணீர் எட்டாத கதை. இரண்டும் ஒரே ஆற்றின் கதை. கேட்போர் மட்டும் வேறு வேறு.

பெரிய மாவட்டத்தில் நீதி தொலைவில் இருந்தது. சிறிய மாவட்டங்களில் நீதி அருகில் வந்து அயலான் தொலைவில் போய்விட்டான். இதுவே நான் சொல்ல வந்தது. மாவட்டத்தை மறுபடி ஒட்டவேண்டும் என்று நான் கூறவில்லை. என் தந்தையாரின் இரண்டு நாள் நடவை நான் மறக்கமாட்டேன். பிரிந்த அண்ணன் தம்பியர் தனித்தனி வீடு கட்டிக்கொண்டாலும், கிணற்றடியில் கூடுவதுண்டு. அதுபோல, ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாளுக்கு முன், மேட்டூர் திறக்கும் பேச்சு எழும் நேரத்திலாவது, நான்கு மாவட்டத்து விவசாயிகளும் அதிகாரிகளும் ஒரே அரங்கில் உட்காரட்டும். தலைமடைக்காரன் முதலில் கேட்கட்டும். கடைமடைக்காரன் முதலில் பேசட்டும்.

பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தலைமை ஆசிரியராக இருந்த ஆண்டுகளில், இயன்றபோதெல்லாம் எங்கள் கடைமடைப் பிள்ளைகளைக் கல்லணைக்கு அழைத்துச் சென்றேன். வாய்க்காலில் கணுக்கால் நீரையே கண்டு பழகியவர்கள், அங்கே பெருகி ஓடும் நீரைக் கண்டு வாயடைத்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆசிரியர்களும் தங்கள் பிள்ளைகளை முத்துப்பேட்டைக்கு அழைத்து வரட்டும். தங்கள் வாய்க்காலைத் தாண்டிப் போன தண்ணீர் எங்கே முடிகிறது, அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்பதை அவர்கள் கண்ணால் காணட்டும். மூன்றாம் வகுப்புப் பாடத்தில் மாவட்ட எல்லையை எப்படி வேண்டுமானாலும் வரையுங்கள். ஆனால் ஆற்றை மட்டும் கோட்டோடு நிறுத்திவிடாதீர்கள். சுண்ணக்கட்டி கரும்பலகையின் விளிம்பைத் தொடும் வரை அதைக் கொண்டு போங்கள்.